ஆறில்லாத மழைநிலம்: சௌல்தாரியின் நீரும் காடும்

சௌல்தாரியைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மித்தாகாரி, தனிகாரி, சிப்பிகாட். அந்தமானில் பேசப்படும் இந்தியில் 'காடி' என்றால் கடல்நீர் ஏறி இறங்கும் கழி. ஆங்கில எழுத்தின் வழியாக அது 'காரி' ஆகிவிட்டது; நாமும் அப்படியே எழுதிப் பழகிவிட்டோம். மீட்டா காடி என்றால் இனிக்கும் கழி, அதாவது நன்னீர் கிடைக்கும் கழி. சிப்பிகாட் என்பது சிப்பித்துறை. இந்தச் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்களின் கண் நீரின் மேல்தான் இருந்திருக்கிறது. எந்தக் கழியில் குடிக்கலாம், எந்தத் துறையில் படகை இழுத்துப் போடலாம் என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. ஆனால் ஆற்றைக் குறிக்கும் சொல் இந்தப் பெயர்களில் ஒன்றில்கூட இல்லை. பெயரில் மட்டுமல்ல, நிலத்திலும் இல்லை.

சௌல்தாரி, தென் அந்தமான் மாவட்டத்தில் ஃபெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து மேற்கே, சாலை வழியாக 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கிழக்கே போர்ட் பிளேர் துறைமுகத்தின் உள்கோடியும் மேற்கே போர்ட் மௌட் விரிகுடாவும் நிலத்தை இருபுறமும் கடித்துக்கொண்டு வர, இடையில் எஞ்சிய ஒடுங்கிய கழுத்துப் பகுதி இது. மேட்டில் காடும் பாக்குத் தோப்பும், பள்ளத்தில் வயலும் கழியும் இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டிசம்பர்வரை வானம் முழுதாக வெளுப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரில் ஏப்ரலில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. மழை பிந்திய ஆண்டுகளில் தலைநகரில் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள், சில சமயம் இன்னும் நீண்ட இடைவெளியில் வருகிறது. அந்தமானை முதன்முறை பார்க்கும் தமிழருக்கு இது நம்ப முடியாத செய்தி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையாக இருக்கும் நிலத்தில் தண்ணீர்ப் பஞ்சமா? இந்த ஒரு கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டால் சௌல்தாரியின் புவியியல் முழுவதும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அந்தமான் தீவுக்கூட்டத்தில் ஆறு என்று சொல்லத்தக்கது கல்போங் ஒன்றுதான். அது வட அந்தமானில், தீவுகளிலேயே உயரமான 732 மீட்டர் சேடில் பீக் மலைத்தொடரில் பிறந்து வடக்கு நோக்கி ஓடி, டிக்லிபூர் அருகே கடலைச் சேர்கிறது. 2001 முதல் அதில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்குகிறது. தெற்குக் கோடியில் கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா, அலெக்சாண்ட்ரா, டோக்மார் முதலிய ஆறுகள் உண்டு. இடையில் தென் அந்தமான் முழுவதும் இருப்பவை 'நல்லா' எனப்படும் ஓடைகளும், அவை சென்று கலக்கும் கழிகளுமே. நல்லா மழைக்காலத்தில் ஆள் இறங்க முடியாத வேகத்தில் ஓடும்; மார்ச்சில் கூழாங்கல்லும் சருகுமாகக் கிடக்கும்.

காரணத்தைப் பாறையிலும் தரையின் சரிவிலும் தேட வேண்டும். அந்தமான் தீவுகள், மியான்மரின் அராக்கன் மலைத்தொடர் கடலுக்குள் மூழ்கிச் சுமத்ரா நோக்கிச் செல்லும் வழியில் தலைநீட்டிய முகடுகள். இந்தியத் தட்டு கிழக்கே பர்மாத் தட்டுக்கு அடியில் செருகும்போது, ஆழ்கடல் தரையில் படிந்திருந்த சேறும் மணலும் வழிக்கப்பட்டு, மடிந்து, மேலே ஏறின. நிலவியலாளர் இந்தப் படிவுகளில் பழைய தொகுதி ஒன்றுக்கு மித்தாகாரித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். சௌல்தாரிக்கு அருகிலுள்ள சின்னஞ்சிறு ஊரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது இப்படித்தான். இப்பகுதியின் களிப்பாறையும் மணற்பாறையும் நீரைத் தாராளமாக உள்வாங்கி ஊற்றாகத் திருப்பித் தருபவை அல்ல. மேலே ஒரு சாண், இரு சாண் மண். கீழே இறுகிய களிப்பாறை. தென் அந்தமானின் குன்றுகள் 500 மீட்டரை எட்டுவதில்லை. தீவின் அகலமும் எந்த இடத்திலும் 35 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. உச்சியில் விழுந்த துளி சில மணி நேரத்தில் உப்பாகிவிடும். ஆறு உருவாக நீளமான சரிவு வேண்டும், ஏரி உருவாகக் குழி வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

குழி எங்கே கிடைக்கும் என்று பார்க்க உலகின் மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. டொரண்டோவில் வாழும் ஈழத்தமிழர் கோடை விடுமுறைக்கு வடக்கே காரோட்டிப் போகும் மஸ்கோக்கா போன்ற மாவட்டங்களில், காட்டுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஏரி குறுக்கிடும். ஒன்டாரியோ மாநிலத்தில் மட்டும் சுமார் 2,50,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தாலும் சௌல்தாரியின் மழையில் பாதியைத் தொடாது. ஆனாலும் ஏரிகள் நிறைந்து கிடக்கின்றன. பனியூழியில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் அந்தக் கருங்கல் நிலத்தை இழைப்புளி வைத்ததுபோல் சுரண்டி, ஆயிரமாயிரம் குழிகளைத் தோண்டிவிட்டுப் பின்வாங்கியது. அடியில் கருங்கல் இருப்பதால் நீர் எளிதில் இறங்குவதில்லை, குளிர் நாடாகையால் ஆவியாவதும் குறைவு. அங்கே சேமிப்புக் கிடங்கைப் பனியே கட்டிக் கொடுத்துவிட்டது.

பனி எட்டிப்பார்க்காத தமிழ்நாட்டில் அந்த வேலையை மனிதக் கை செய்தது. சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் கரை எழுப்பித் தேக்கியவை. மட்டமான சரிவும் மண்கரைக்கு ஏற்ற மண்ணும் அதற்கு இடம்கொடுத்தன. சௌல்தாரிக்கு இந்த இரண்டு வாய்ப்பும் வாய்க்கவில்லை.

ஆனாலும் கனடாவின் பனிக்கும் சௌல்தாரிக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பனிப்பாளங்கள் உருகியபோது உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. உருகிய பனியில் பெரும்பங்கு வட அமெரிக்காவின் மேல் கிடந்தது. ஏறிவந்த கடல் அந்தமானின் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து தங்கிவிட்டது. போர்ட் பிளேர் துறைமுகத்தின் கைகால் விரித்த வடிவமும் உள்நாடுவரை நுழையும் கழிகளும் மூழ்கிய பள்ளத்தாக்குகளே. ஒரே பனி அங்கே விலகி ஏரிகளை விட்டுச் சென்றது. இங்கே உருகிவந்து கழிகளை நிரப்பியது. சௌல்தாரிக் கழிகளில் ஏறும் நீரில் ஒரு பங்கு ஒருகாலத்தில் கனடாவின் மேல் பனியாக உறைந்திருந்தது என்பது உவமை அல்ல, புவி வரலாறு.

கழி என்ற சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. நெய்தல் திணையின் கருவே கழியும் கானலும் கண்டலும்தான். சௌல்தாரியில் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பழைய பாகுபாட்டின் மேல் புதிய மதிப்பு வரும். ஏனெனில் இங்கே குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் ஒரு மணி நேர நடைக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. குன்றின் மேல் குர்ஜன், படாக், பாதாம், கோக்கோ என்று இங்குள்ளோர் பெயர் சொல்லும் மரங்கள் நிற்கின்றன. நடுவே மழையை நம்பி ஒருபோகம் விளையும் வயல். கீழே அலையாத்திக் காடு: முட்டுக்கால் ஊன்றிய கண்டல், மூச்சுவேர் நிமிர்த்திய வெண்கண்டல், பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் அதே தில்லை, அதோடு நம் கரையில் இல்லாத நீப்பா பனை. அந்தமான் நிக்கோபாரில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் அலையாத்தி பரவியிருக்கிறது. பெருக்கில் வேர் மறையும்; வற்றில் சேறு வெளுத்து நண்டு மேயும். பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு உவாக் காலங்களில் ஏறத்தாழ 2 மீட்டர். இந்த இரண்டு மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இந்தக் கழிகளின் மதிப்பை முதலில் அறிந்தவர்கள் ஊர்ப்பெயர் வைத்தவர்கள் அல்ல. தொல்லியலாளர் சரீன் கூப்பர் தென் அந்தமானின் சிப்பிமேடுகளை ஆராய்ந்தார். தலைமுறை தலைமுறையாகத் தின்று எறிந்த சிப்பி ஓடுகளும் நத்தை ஓடுகளும் காட்டுப்பன்றி எலும்புகளும் உடைந்த பானை ஓடுகளும் குவிந்து மேடான இடங்கள் அவை. அவற்றுள் சௌல்தாரிச் சிப்பிமேட்டின் கரிமக் காலக்கணிப்பு 2,280 ஆண்டுகள், 90 ஆண்டு முன்பின்னாக. அந்தமானில் மனிதர் வாழ்ந்ததற்குத் தொல்லியல் அளித்திருக்கும் மிகப் பழைய தேதிகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது. நம் நாட்டில் பானை ஓட்டில் தமிழி எழுத்தைக் கீறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு கூட்டம் கழியோரத்தில் அமர்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தது. அந்த மக்களின் வழித்தோன்றல்களில் போர்ட் பிளேர் பகுதிக்குரியவர்கள் அக்கா-பெயா மொழி பேசியவர்கள். 1858இல் ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றம் வந்தபின் நோயாலும் மோதலாலும் சிதைந்து, அந்த மொழியே இல்லாமற்போயிற்று.

அந்தமானியரின் மரபணு அவர்களது தனிமை மிக நெடியது என்கிறது. தொல்லியலோ 2,300 ஆண்டைத் தாண்ட மறுக்கிறது. இந்த இடைவெளிக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விடைகளுள் எனக்கு வலுவாகத் தெரிவது கடலை நோக்கிக் கைகாட்டுவது. கழியோரத்தில் வாழ்ந்தவர்களின் பழைய கழியோரங்கள் ஏறிய கடலுக்கு அடியில் போயிருக்கும். சௌல்தாரி மேடு எஞ்சியது, அது எஞ்சும் உயரத்தில் இருந்ததால். அந்த மேட்டைக் குவித்தவர்கள் ஏரி வெட்டவில்லை, கரை கட்டவில்லை. ஓடை வற்றினால் இடம் பெயர்ந்தார்கள். ஓரிடத்தில் வேரூன்றி உழுபவனுக்கு அந்த வசதி இல்லை. சௌல்தாரியின் நீர்ச்சிக்கல் கலப்பையோடு வந்தது.

1858 மார்ச்சில், அந்தத் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்க, ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். அதற்கு முன் இடம் தேர்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடெரிக் மௌவட்டின் பெயரைத்தான் போர்ட் மௌட் தாங்கி நிற்கிறது. தண்டனைக் காலத்தில் நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற கைதிகளுக்கு நிலம் கொடுத்து, துறைமுகத்தைச் சுற்றிக் காடு வெட்டி ஊர்கள் உருவாக்கப்பட்டன. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் நாடுகடத்தப்பட்டவர்கள் மஞ்சேரி, வண்டூர், மலப்புறம், திரூர் என்று தங்கள் ஊர்ப்பெயர்களையே காட்டுக்குச் சூட்டினார்கள். 1949 முதல் கிழக்கு வங்க அகதிக் குடும்பங்கள் வந்தன. குடும்பத்துக்கு 5 ஏக்கர் பள்ள நிலமும் 5 ஏக்கர் மேட்டு நிலமும் என்பது குடியேற்றத் திட்டத்தின் வாய்பாடாயிற்று. ராஞ்சிப் பக்கமிருந்து காட்டுவேலைக்கு வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர், கப்பலேறி வேலை தேடிவந்த ராமநாதபுரத்தார், மதுரையார் என்று தொகை பெருகியது. இன்று தீவு மக்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். நிலப்பரப்பைப் பற்றிய கட்டுரையில் இவர்களை ஓரத்தில் தள்ள முடியாது. இங்கே நிலத்தின் வடிவத்தையே மாற்றியவர்கள் இவர்கள்.

மாற்றியது எப்படி? பள்ள நிலம் என்று பட்டாவில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி, அலையாத்தியை வெட்டி, கழியின் வாயில் மண்கரை போட்டு, மதகு வைத்து, உப்புநீரை வெளியே நிறுத்தி மீட்ட நிலம். சில மழைக்காலம் உப்பைக் கழுவிய பிறகு நெல் விளைந்தது. குடியேறிகளின் உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அட்டையும் மலேரியாக் கொசுவும் கடித்த சேற்றில் நின்று இதைச் செய்தார்கள். ஆனால் அந்த வயல் கடலிடமிருந்து இரவல் வாங்கியது. பெருக்கின் உச்சிக்கும் வயலின் மட்டத்துக்கும் நடுவே நின்றது ஒரு மண்கரை மட்டும்தான்.

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணி. சுமத்ராவுக்கு அப்பால் தொடங்கிய நிலப்பிளவு வடக்கே அந்தமானைத் தாண்டிச் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. பிளவின் மேல்விளிம்பில் இருந்த தீவுகள் சீசாப் பலகைபோல் ஆடின. வட அந்தமானிலும் இன்டர்வியூ தீவிலும் தரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது.

ஒரு மீட்டர் என்பது கேட்கச் சிறிது. முன்பு சொன்ன இரண்டு மீட்டரை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கு எட்டும் உச்சியை ஒட்டி இருந்த வயல் ஒரு மீட்டர் இறங்கினால், அது நடுக்கடல்மட்டத்துக்குப் போய்விடும். நாளுக்கு இருமுறை கடல் அதன் மேல் நிற்கும். சுனாமி அலை வந்து திரும்பியது. தரை திரும்பவில்லை. சிப்பிகாட்டிலும் ஓக்ராபிராஜிலும் வரப்புகள் நீருக்கடியில் தெரிந்துகொண்டிருந்தன, தென்னையும் பாக்கும் நின்றபடியே பட்டுப்போயின. தமிழ்நாட்டுக் கரையில் சுனாமி என்றால் நமக்கு நினைவு வருவது சாவு. இங்கே அதோடு இன்னொன்றும் நடந்தது: ஊரின் வரைபடமே மாறியது.

கடல் பின்வாங்கிவிட்ட மேட்டு வயல்களில் மழையே மருத்துவம் பார்த்தது. காரச்சரமாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அகலமான மேட்டுப்பாத்தியும் அதன் பக்கத்தில் ஆழப் பள்ளமும் மாறி மாறி அமைக்கும் முறையைப் பரப்பியது. மழை பாத்தியின் உப்பைக் கழுவிப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும். பாத்தியில் காய்கறி, பள்ளத்தில் மீன். நிலையாக மூழ்கிய வயல்களில் அதற்கு வழியில்லை. அங்கே அலையாத்தி தன் பழைய இடத்துக்குத் திரும்ப ஆரம்பித்தது. அந்தமானில் மட்டுமே கூடு கட்டும் அந்தமான் கிளுவை வாத்து மூழ்கிய வயல்களைத் தன் மேய்ச்சலிடமாக்கிக்கொண்டது. கழிகளுக்குரிய உப்புநீர் முதலையும் கூடவே வருகிறது. அதன் அருகே வாழ்வது எளிதல்ல, அதை மறைத்துவிட்டு இயற்கை மீண்டது என்று மகிழ்வது நேர்மையாகாது. நிலம் இழந்த உழவருக்கு அந்த வாத்து ஈடு ஆகாது. இழப்பும் மீட்சியும் ஒரே நீரில் நடந்தவை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி ஏப்ரல் மாதக் கேள்விக்கு வருகிறேன். தனிகாரி ஓடையின் குறுக்கே 1973இல் கட்டப்பட்ட, 30 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைதான் தலைநகரின் முதன்மையான குடிநீர் ஆதாரம். இயற்கை தராத ஏரியை அங்கே மனிதர் செய்துகொண்டார்கள். டிசம்பரில் நிறையும் நீர், மழையில்லாத ஜனவரி முதல் ஏப்ரல்வரை ஓட வேண்டும். அதன் ஆயுள் அணையின் உயரத்தால் மட்டும் முடிவாவதில்லை, அதற்கு மேலே உள்ள காட்டால் முடிவாகிறது. காடு நீரை உண்டாக்குகிறது என்று மேடைகளில் சொல்வது சரியல்ல. காடு தானும் நிறையக் குடிக்கும். காடு செய்வது வேறு வேலை. மழையின் அடியை இலை தாங்குகிறது. சருகு பஞ்சுபோல் ஏந்துகிறது. வேர் அந்த ஒரு சாண் மண்ணைச் சரிவில் பிடித்து வைக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓடிப்போக இருந்த நீரை அது பல நாட்களுக்குப் பகிர்ந்து கசியவிடுகிறது. மண் போனால் அடுத்த மழைக்காலத்தில் அது அணையின் அடியில் வண்டலாகக் கிடக்கும். அடியில் களிப்பாறையும் மேலே ஒரு சாண் மண்ணும் உள்ள தீவில் அந்த மண்தான் ஏரி. கனடாவில் பனி தோண்டியதும் தமிழ்நாட்டில் மண்வெட்டி தோண்டியதும் இங்கே இலைச்சருகில் இருக்கிறது.

தீவுகளின் பரப்பில் 81 விழுக்காட்டுக்கு மேல் காடு என்று இந்திய வன அளவை அறிக்கைகள் சொல்கின்றன. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களோடு நான் உடன்படவில்லை. சதவீதம் தீவுக்கூட்டம் முழுமைக்கும் உரியது. தண்ணீர்ப் பஞ்சமோ போர்ட் பிளேரைச் சுற்றிய சில பத்து கிலோமீட்டருக்குள், காடு முதலில் வெட்டப்பட்டு, மக்கள் மிகவும் நெருங்கி வாழும் இடத்தில். 1883இல் வனத்துறையும் சாத்தம் மரஅறுப்பு ஆலையும் தொடங்கியது முதல் நூறாண்டுக்கு மேல் படாக்கும் குர்ஜனும் கப்பலேறின. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஏற்று 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைப் பெருமளவு நிறுத்தியது. இத்தீவுகளின் நீர்வரலாற்றில் அணை கட்டியதற்கு இணையான நாள் அது என்பேன். வெட்டு நின்றாலும் வேறொரு வாய் மேய்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், வேட்டை விலங்கே இல்லாத தீவில் பெருகி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்றுவிடுகிறது. தெற்கே கிரேட் நிக்கோபாரில், ஆறுகள் உள்ள அந்த அரிய தீவில், துறைமுகத்துக்கும் நகருக்குமாகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்க 2022இல் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. தென் அந்தமான் 165 ஆண்டில் கற்ற பாடத்தை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சௌல்தாரி வட்டாரத்தில் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமல்ல. மூழ்கிய வயல்களை மண்கொட்டி மேடாக்கி மனை போட விடக்கூடாது. தரை இன்னொருமுறை இறங்கினாலோ கடல் ஏறினாலோ முதலில் தாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். நல்லாக்களின் தலைப்பகுதியில் எஞ்சிய காட்டை, குடிநீர்த் தொட்டியைக் காப்பது போல் காக்க வேண்டும். கூரைநீரை ஒவ்வொரு வீடும் விடுதியும் பிடித்தாக வேண்டும். 3,000 மில்லிமீட்டர் மழையில் நூறு சதுர மீட்டர் கூரை ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டர் நீரை ஏந்துகிறது. சிப்பிமேட்டுக்கு வேலியும் ஒரு பலகையும் வேண்டும், தமிழிலும் சேர்த்து.

அந்தமானுக்குச் சுற்றுலா போகும் தமிழர்கள் வண்டூர்க் கடற்கரைக்கு அவசரமாகப் போகிறார்கள். வழியில் சிப்பிகாட்டில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்திச் சாலையோர நீர்ப்பரப்பைப் பாருங்கள். அது ஏரி அல்ல. 2004 டிசம்பர்வரை அங்கே நெல் விளைந்தது.